எஞ்சியோர் உள்ளம்

ஓர் ஆலையில் ஆட்குறைப்பு நேர்ந்துவிட்டால், ஊரின் பேச்செல்லாம் வெளியேற்றப்பட்டவர்களைப் பற்றியதாகவே இருக்கும். அது இயல்பு, நியாயமுங்கூட. அடுப்பு எரியாத வீட்டைத்தான் அண்டை வீட்டார் முதலில் நோக்குவர். ஆயினும், அதே நாளில் அதே ஆலையினுள் வேலை தப்பிய மற்றொரு கூட்டம் உண்டு. "உனக்கென்ன, நீ தப்பித்துக்கொண்டாய்" என்று அவர்களிடம் எல்லாரும் சொல்வர், அவர்களும் தலையசைப்பர். ஆனால், தப்பித்தவர் முகத்தில் காணவேண்டிய மலர்ச்சி அவர்கள் முகத்தில் இராது. எஞ்சி நின்ற அவர்கள் உள்ளத்தில் நிகழ்வது யாது, அதனைச் சீர்செய்யும் வழி யாது என்பதையே இக்கட்டுரையில் எண்ணிப் பார்க்கப் புகுகின்றோம்.

அரபு இலக்கணமும் ஃபிக்ஹும் கற்பிப்பவருக்கு ஆலை விவகாரத்தில் என்ன வேலை என்று வாசக அன்பர்கள் வினவலாம். பாலாற்றங்கரையை அறிந்தவர்கள் அவ்வாறு வினவமாட்டார்கள். வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு, மேல்விஷாரம், இராணிப்பேட்டை ஆகிய ஊர்களில் தோல் வணிகமும் கல்விப்பணியும் ஒன்றையொன்று தழுவி வளர்ந்தவை. 1924ஆம் ஆண்டில் உமராபாத்தில் ஜாமிஆ தாருஸ்ஸலாமை நிறுவிய காகா முஹம்மது உமர் சாஹிப் தோல் வணிகர். மேல்விஷாரத்தில் 1965இல் தோன்றிய கல்லூரி எவர் பெயரைத் தாங்கி நிற்கின்றதோ, அந்தச் சி. அப்துல் ஹக்கீம் சாஹிபும் தோல் வணிகரே. இப்பகுதியில் ஓதிக்கொடுக்கும் உஸ்தாதுமார்களின் ஊதியத்தில் தோல் தொழிலாளியின் வியர்வை கலந்தே இருக்கின்றது. நம்மிடம் ஓதிய பிள்ளைகளில் ஒருவர் முதலாளியாகிறார், ஒருவர் மேற்பார்வையாளராகிறார், பலர் தோல் வெட்டும் மேசையின் முன் நிற்கின்றனர். மாலையில் அனைவரும் ஒரே பள்ளிவாசலுக்கு வருகின்றனர். ஆகவே, ஆலையில் விழும் இடி நம் பள்ளிவாசலிலும் அதிர்கின்றது.

ஒரு காலத்தில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் கொண்டு தோல் பதனிட்டு, அரைப் பக்குவத்திலேயே கப்பலேற்றிய ஊர்கள் இவை. 1972இல் சீதாராமையா குழு, அவ்வாறு முழுமை பெறாத தோலை ஏற்றுமதி செய்வதைக் கட்டுப்படுத்தி, முடிவுற்ற பொருள்களாகச் செய்து அனுப்பவேண்டும் என்று பரிந்துரைத்தது. அதன்பின் தோல் ஆலைகளின் பக்கத்தில் காலணி ஆலைகள் எழுந்தன. தோல் ஷாப்புகளில் ஆண்களே மிகுதியாக உழைத்த ஊர்களில், காலணியின் மேற்பகுதியைத் தைக்கும் பொறிகளின் முன் ஆயிரக்கணக்கான பெண்கள் அமர்ந்தனர். சுற்றுப்புறக் கிராமங்களிலிருந்து விடியற்காலையில் வேன்களில் வந்திறங்கும் அப்பெண்களின் கூலியால் எத்தனையோ பிள்ளைகள் பள்ளிக்கூடம் சென்றனர். நன்மை பெரிது, ஆனால், அதன் கயிறு நெடுந்தொலைவில் கட்டப்பட்டிருந்தது. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு கடைக்காரர் காலணி வேண்டாம் என்று சொன்னால், இங்கே ஒரு தையற்பொறி நின்றுவிடும்.

அவ்வாறு பொறிகள் நின்ற காலங்களை நாம் கண்டிருக்கின்றோம். 1996 ஆகஸ்டு 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு முதலாவது. தோல் ஆலைக் கழிவுநீரால் பாலாறும் கிணறுகளும் கெட்டது மெய்; அதனை மறுப்பது பொய்ச்சாட்சியாகும். ஆலை ஒவ்வொன்றுக்கும் 10,000 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டது. கழிவுநீரைத் தூய்மைசெய்ய வழிசெய்யாத ஆலைகள் மூடப்பட வேண்டும் என்று ஆணையிடப்பட்டது. குற்றம் ஆலையினுடையது, ஆனால், கதவு மூடியபோது வெளியே நின்றவர் கூலியாளே. இரண்டாவது, 2020 மார்ச் 25ஆம் நாள் தொடங்கிய ஊரடங்கு. மேனாடுகளில் கடைகள் அடைபட்டன. உறுதி செய்யப்பட்ட கொள்முதல்கள் கைவிடப்பட்டன. நாம் சொல்லவரும் செய்தி இந்த இரண்டாவது காலத்தைச் சேர்ந்தது.

முதலில் சொல்லைப் பற்றி ஒரு சொல். ஆங்கிலத்தில் 'லே-ஆஃப்' என்றால் எடுத்துத் தனியே வைப்பது போன்ற பொருள் தொனிக்கின்றது. இந்தியத் தொழிற்சட்டத்தில் அச்சொல் சில காலத்திற்கு வேலை தர இயலாமையைத்தான் குறித்தது. நிரந்தரமாக நீக்குவதற்கு வேறு சொல் இருந்தது. மக்கள் வழக்கிலோ இரண்டும் ஒன்றாகிவிட்டன. "சில மாதங்களுக்குத்தான்" என்று சொல்லி அனுப்பப்பட்டு, ஆண்டுகள் பல காத்திருந்தவர்களை நாம் அறிவோம். தமிழோ 'ஆட்குறைப்பு' என்று நேராகச் சொல்லிவிடுகின்றது. குறைந்தது சரக்கன்று, செலவன்று, ஆள். இந்த நேர்மையைச் சொல்லோடு நிறுத்திவிடாமல் செயலிலும் காட்டினால், நாம் எழுதுவதற்கு ஒன்றும் இராது.

நம்மிடம் சிறுவயதில் குர்ஆன் ஓதிய ஒருவர் நடத்தும் காலணி ஆலை அது, பெயர் வேண்டா. ஊரடங்கு தளர்ந்தபின் ஆலை திறந்தது. ஒருநாள் காலையில் வாயிற்கதவில் ஒரு பட்டியல் ஒட்டப்பட்டிருந்தது. பட்டியலில் பெயர் இருந்தவர்கள் அன்றே திரும்பிச் சென்றனர். பெயர் இல்லாதவர்கள் உள்ளே சென்றனர். அந்நேரம் முதலாளி ஊரில் இல்லை. மேற்பார்வையாளர் கதவருகே வரவில்லை. காவலாளிதான் ஒவ்வொருவரையும் பார்த்து, "பெயர் இருக்கிறதா, பாருங்கள்" என்று சொல்லிக்கொண்டிருந்தாராம்.

சில வாரங்கள் கழித்து அம்முதலாளி நம் இல்லம் தேடி வந்தார். "ஹஜ்ரத், வேலை நடக்கிறது, ஆனால் உயிர் இல்லை. யாரும் எதிர்த்துப் பேசுவதில்லை, யாரும் விடுப்புக் கேட்பதில்லை. அப்படியிருந்தும் தையலில் பிழை கூடிக்கொண்டே போகிறது. ஆட்கள் மனம் விட்டுப்போயிருக்கிறார்கள். நீங்கள் வந்து பொறுமையைப் பற்றியும் நன்றியைப் பற்றியும் ஒரு பயான் செய்யவேண்டும்" என்றார். நாம் இசைந்தோம். இசைந்ததற்கு அவர்மீதுள்ள அன்பு ஒரு காரணம். அவர் தந்தையார் காலந்தொட்டு நம் மதரஸாவுக்கு மாதந்தோறும் வரும் நன்கொடை மற்றொரு காரணம். இதனை மறைத்து எழுதினால் இக்கட்டுரைக்குப் பொருளில்லை.

ஒரு வியாழக்கிழமை பிற்பகல் சென்றோம். தையற்கூடத்தில் பொறிகளில் ஏறத்தாழப் பாதி, பிளாஸ்டிக் தாளால் போர்த்தப்பட்டுக் கிடந்தன. அவற்றை வேறு அறைக்கு மாற்றவுமில்லை, வரிசையைச் சுருக்கவுமில்லை. ஆள் இருக்கும் பொறியை அடுத்து ஆளில்லாப் பொறி, மீண்டும் ஆள் இருக்கும் பொறி என்று வரிசை நீண்டது. ஒவ்வொரு தொழிலாளியும் நாள்முழுதும் வெறுமைக்கு அருகிலேயே அமர்ந்திருந்தார். வருகை அட்டைகள் செருகும் பலகையில் எடுத்துவிட்ட அட்டைகளின் இடம் அப்படியே காலியாகத் தெரிந்தது.

நாம் அரைமணி நேரம் பேசினோம். நபி அய்யூப் (அலை) அவர்களின் பொறுமையை எடுத்துரைத்தோம். கிடைத்ததற்கு நன்றி செலுத்தினால் அல்லாஹ் அதிகப்படுத்துவான் என்ற கருத்தை விரித்தோம். அவையில் முஸ்லிம்கள் இருந்தனர்; அவர்களினும் மிகுதியாகக் கிராமத்து இந்துப் பெண்கள் இருந்தனர். எல்லாரும் அமைதியாகக் கேட்டனர். நாம் அவ்வமைதியை ஒப்புதல் என்று எண்ணிக்கொண்டோம். பிறகு தேநீரும் சமோசாவும் வந்தன.

அப்போது வெட்டும் பகுதியில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணிபுரிந்த ஒருவர் அருகில் வந்தார். நம் பள்ளிவாசலில் தொழுபவர்தாம். "ஹஜ்ரத், ஒன்று கேட்கலாமா? அய்யூப் நபிக்குச் சோதனை யாரிடமிருந்து வந்தது என்று தெரியும். எங்கள் ஆட்களை யார் எடுத்தார்கள், எதை வைத்து எடுத்தார்கள் என்றே எங்களுக்குத் தெரியாது. அடுத்தது யார் என்றும் தெரியாது. தெரியாததற்கு எப்படிப் பொறுமை செய்வது?" என்றார். சினமின்றி, மாணவன் ஐயம் கேட்பதுபோலவே கேட்டார். நாம் விடை தேடிக்கொண்டிருக்கும்போது, தையற்பகுதியைச் சேர்ந்த ஒரு பெண் சொன்னார்: "ஐயா, எனக்கு இந்த மெஷின்ல தைக்கக் கத்துக்கொடுத்த அக்காவை எடுத்துட்டாங்க. அவங்ககிட்ட கத்துக்கிட்ட நான் இருக்கேன். அவங்க கணக்கும் இன்னும் முடிக்கல. சந்தையில அவங்களைப் பார்த்தா நான் வேற பக்கம் போயிடறேன்."

நம் கையிலிருந்த தேநீர் ஆறிப்போயிற்று. அரைமணி நேரம் நாம் பேசிய பேச்சு முழுவதும் தவறான இடத்தில் இறக்கப்பட்ட சரக்கு என்பது அந்நொடியில் விளங்கியது. பொறுமை என்பது பாதிக்கப்பட்டவன் அல்லாஹ்வுக்காக ஏற்பது. பாதிப்பு ஏற்படுத்தியவன் அதனைக் கூலிக்கு ஆள் வைத்துப் போதிப்பது பொறுமையாகாது. அன்று அந்தக் கூலியாள் நாமாக இருந்தோம்.

அன்றிரவு இஷா தொழுகையில் மற்றொன்றையும் கண்டோம். அதுவரை கண்ணில் பட்டும் கருத்தில் படாதது. வெட்டும் பகுதியைச் சேர்ந்த அவரும், பட்டியலில் பெயர் வந்து வெளியேறிய அவருடைய தோழரும் பல்லாண்டுகளாக இரண்டாம் ஸஃபில் தூணருகே தோளோடு தோள் சேர்ந்து நிற்பவர்கள். இப்போது ஒருவர் அதே இடத்தில் நின்றார். வேலை தப்பியவர் கடைசி ஸஃபில் போய் நின்றார். ஸலாம் கொடுத்ததும் முதலில் எழுந்து சென்றவரும் அவரே. வேலை இழந்தவர் தலைநிமிர்ந்து இருந்தார். வேலை இருந்தவர் ஒளிந்துகொண்டார். ஆலையில் உயிர் இல்லை என்று முதலாளி சொன்னது எங்கே போயிற்று என்பதற்கு அந்தக் கடைசி ஸஃப் விடை சொல்லிற்று.

மேனாட்டு அறிஞரும் இதனை ஆராய்ந்துள்ளனர். அமெரிக்காவில் கொலம்பியாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜோயல் பிராக்னர் 1980கள் முதல் ஆட்குறைப்புக்குப் பின் எஞ்சியோரின் மனநிலையைப் பற்றிப் பல ஆய்வுகள் செய்தார். வெளியேறியோர் நேர்மையாக நடத்தப்பட்டனரா என்பதைக் கண்டே எஞ்சியோர் தம் நிறுவனத்தை எடைபோடுகின்றனர். வெளியேறியோரோடு நெருங்கிப் பழகியவர்களிடம் இது இன்னும் அழுத்தமாக வெளிப்படுகின்றது என்பது அவ்வாய்வுகளின் சாரம். டேவிட் நோயர் என்பவர் 1993இல் வெளியிட்ட நூலில், எஞ்சியோரின் குற்றவுணர்வு, அச்சம், நம்பிக்கையின்மை ஆகியவற்றை ஒரு பிணியாகவே கொண்டு விளக்கினார். ஆக, இது நம் ஊருக்கு மட்டும் உரிய நோயன்று. நாளை நமக்கும் இதுவே என்ற எண்ணம் புகுந்த கூடத்தில், தொழிலாளி தவறு கண்டாலும் சொல்வதில்லை; சொன்னால் தன்மேல் திரும்பும் என்று அஞ்சுகிறார். காய்ச்சலோடு வேலைக்கு வருகிறார். தெரிந்த நுணுக்கத்தைப் பிறருக்குக் கற்றுக்கொடுப்பதில்லை; கற்றுக்கொடுத்தவர்தாமே முதலில் வெளியேறினார்! தையலில் பிழை கூடியதன் காரணம் கையில் இல்லை என்பது இப்போது விளங்கும்.

இனி, நம் ஃபிக்ஹு நூல்கள் இதுபற்றி என்ன சொல்கின்றன என்று பார்ப்போம். கூலியாளை அவை இருவகையாகப் பிரிக்கின்றன. தையற்காரர், சாயம் தோய்ப்பவர் போலப் பலருக்கும் வேலை செய்து, முடித்த வேலைக்குக் கூலி பெறுபவர் 'அஜீர் முஷ்தரக்'. குறித்த காலத்திற்குத் தம்மை ஒருவருக்கே ஒப்படைத்தவர் 'அஜீர் காஸ்'. இரண்டாம் வகையினர், வேலைக்கு ஆயத்தமாக வந்து நின்றாலே கூலிக்கு உரியவராகின்றனர். அவருக்குச் செய்ய வேலை கொடுக்கப்படாவிட்டாலும் அக்காலத்திற்குரிய கூலி அவருடையது என்பது ஹனஃபீ சட்ட அறிஞர்களின் முடிவு. துருக்கிய உதுமானியப் பேரரசில் 1869க்கும் 1876க்கும் இடையே தொகுக்கப்பட்ட 'மஜல்லா' என்னும் சட்டத் தொகுப்பிலும் இவ்விதி இடம்பெற்றது. எத்தனையோ ஆண்டுகளாக இந்த இடத்தைப் பாடமாக நடத்தியிருக்கின்றோம். 'தஸ்லீமுன் நஃப்ஸ்', அதாவது தன்னையே ஒப்படைத்தல், என்ற தொடருக்கு இலக்கண விளக்கமும் சொல்லியிருக்கின்றோம். ஆயின், இருபத்திரண்டு ஆண்டுகள் தம்மை ஒப்படைத்த ஒருவர் நம் எதிரில் வந்து நின்றபோது, அவரிடம் அய்யூப் நபியின் பொறுமையைப் பற்றித்தான் பேசினோம். இந்தப் பாடத்தைப் பற்றிப் பேசவில்லை.

ஒப்பந்தக் காலம் முடிந்தால் பிரிவதை ஃபிக்ஹ் தடுக்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். எவரையும் எக்காலத்தும் நீக்கக்கூடாது என்று நாம் வாதிடவில்லை. வருமானமே இல்லாத ஆலை எல்லாருக்கும் ஊதியம் தந்துகொண்டே இருந்தால், இறுதியில் எல்லாரும் வீதிக்கு வருவர். நம் வழக்கு வேறு. பிரிவது தவிர்க்க இயலாததாயினும் பிரிகின்ற முறை தவிர்க்க இயலாததன்று. வெள்ளிதோறும் குத்பாவின் இறுதியில் கத்தீபுகள் ஓதும் திருவசனத்தில் 'அத்ல்' என்ற சொல்லும் 'இஹ்ஸான்' என்ற சொல்லும் அடுத்தடுத்து வருகின்றன. அத்ல் என்பது உரியதை உரியவருக்கு அளிப்பது. இஹ்ஸான் என்பது அதற்கு மேலும் அழகு செய்வது. பாக்கி வைத்துக்கொண்டு சமோசா கொடுப்பது இஹ்ஸான் ஆகாது. அத்லைக் கடக்காமல் இஹ்ஸானுக்கு வழியில்லை.

நாட்டுச் சட்டமும் ஏறத்தாழ இதையே சொல்கின்றது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டம், ஓராண்டேனும் தொடர்ந்து பணிபுரிந்தவரை நீக்குமுன் ஒரு மாத முன்னறிவிப்போ அதற்கீடான ஊதியமோ தரவேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சராசரி ஊதியம் இழப்பீடாகத் தரவேண்டும் என்று வகுத்தது. ஒரே வகைப் பணியில் கடைசியாகச் சேர்ந்தவரே பொதுவாக முதலில் வெளியேற வேண்டும். மாறாகச் செய்தால் காரணத்தைப் பதிவுசெய்ய வேண்டும். மீண்டும் ஆள் எடுக்கும்போது நீக்கப்பட்டவர்களுக்கு முன்னுரிமை தரவேண்டும். 2020இல் இயற்றப்பட்டு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த தொழில் உறவுத் தொகுப்புச் சட்டத்திலும் இவ்விதிகளின் சாரம் தொடர்கின்றது. நீக்கப்பட்டவர் புதுத்திறன் பயில்வதற்காக 15 நாள் ஊதியத்திற்கு ஈடான தொகையை ஒரு நிதியில் செலுத்தவேண்டும் என்பதும் சேர்ந்துள்ளது. அதே வேளையில், அரசின் முன்அனுமதி பெறவேண்டிய ஆலைகளின் அளவு 100 தொழிலாளரிலிருந்து 300 ஆக உயர்த்தப்பட்டிருக்கின்றது. ஆகவே, சிறிய, நடுத்தர ஆலைகளில் கேட்பார் குறைவு. அங்கே முதலாளியின் நெஞ்சமே கேட்கவேண்டும்.

மறுவாரம் நாம் அம்முதலாளியைத் தனியே கண்டோம். "தம்பி, பட்டியலை யார் எழுதியது?" என்று கேட்டோம். நெடுநேரம் பேசாதிருந்தார். பிறகு சொன்னார்: "கணக்கர் எழுதிக் கொடுத்தது, ஹஜ்ரத். சம்பளம் கூடியவர்களை எடுத்தால் மாதச் செலவு சீக்கிரம் இறங்கும் என்றார். நான் கையெழுத்துப் போட்டேன். அன்றைக்கு அவர்கள் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லாமல் சென்னைக்குப் போய்விட்டேன்." அவரைக் கொடியவர் என்று எண்ண நம்மால் இயலவில்லை. வாங்கியவர் பணம் அனுப்பவில்லை. செய்த சரக்கு தேங்கிக் கிடந்தது. வங்கியின் தவணை மட்டும் நிற்காமல் வந்தது. தம் மனைவியின் நகையை அடகு வைத்தே அம்மாதக் கூலி கொடுத்ததாகச் சொன்னார். இவ்வளவும் மெய். ஆனால், இவற்றில் ஒன்றைக்கூட அவர் தம் தொழிலாளரிடம் சொல்லவில்லை. சொன்னால் மதிப்புக் குறையும் என்று எண்ணியிருக்கிறார். அவருடைய மௌனத்தை அவர்கள் ஆணவம் என்று படித்தார்கள். அவர்களுடைய மௌனத்தை அவர் நன்றிகேடு என்று படித்தார்.

நாம் அவரிடம் நான்கு செய்திகளைச் சொன்னோம். முதலாவது, வெளியேறியவர்களின் கணக்கை முடியுங்கள். உள்ளே இருப்பவர்களின் ஊக்கம் வெளியே நிற்பவர்களின் கையில் இருக்கின்றது. இரண்டாவது, பட்டியல் எவ்வாறு எழுதப்பட்டது என்பதை உள்ளபடி சொல்லுங்கள். தவறெனில் தவறென்று சொல்லுங்கள். மூன்றாவது, இனி என்ன ஆகும் என்பதில் தெரிந்ததைத் தெரியும் என்றும், தெரியாததைத் தெரியாது என்றும் கூறுங்கள். நான்காவது, மீண்டும் ஆள் வேண்டுமெனில் முதலில் அவர்கள் வீட்டுக் கதவைத் தட்டுங்கள். அத்துடன், போர்த்திக் கிடக்கும் பொறிகளை அகற்றிவிட்டு, இருப்பவர்களை ஒருங்கே உட்கார வையுங்கள் என்றோம்.

ஒரு திங்கட்கிழமை அவர் தையற்கூடத்தின் நடுவே நின்று பேசியதாகப் பின்னர் அறிந்தோம். பொறுமை என்ற சொல்லை ஒருமுறைகூடச் சொல்லவில்லையாம். கடன் இவ்வளவு, கையில் உள்ள கொள்முதல் இவ்வளவு, நான்கு மாதத்துக்கு வேலை உண்டு, அதற்குமேல் தெரியாது என்றாராம். பழையவர்களை எடுத்தது தம் பிழை என்றாராம். வெளியேறியவர்களின் தொகையை மூன்று தவணையில் தருவதாக நாள் குறித்துச் சொன்னார். இரண்டு தவணை சொன்ன நாளில் கொடுக்கப்பட்டது. மூன்றாவது இரண்டு மாதம் தாழ்ந்தது. ஆனால், தாழும் என்பதை முன்கூட்டியே ஒவ்வொருவருக்கும் சொல்லியனுப்பினார். அடுத்த ஆண்டு கொள்முதல்கள் வந்தபோது வெளியேறியவர்களைத்தான் முதலில் அழைத்தார். அப்பெண்ணுக்குத் தையல் கற்றுக்கொடுத்தவர் திரும்பி வந்தார். வெட்டும் பகுதியைச் சேர்ந்த தோழர் வரவில்லை. அவர் தள்ளுவண்டியில் பழம் விற்கத் தொடங்கியிருந்தார். "கதவில் ஒட்டிய தாளில் என் பெயரைப் பார்த்துவிட்டேன், ஹஜ்ரத், அந்தக் கதவு வழியாக இனி நுழைய மனம் வரவில்லை" என்றார். அவரைக் கட்டாயப்படுத்த நமக்கு வாயில்லை. எல்லாக் காயமும் ஆறிவிடும் என்று எழுதுவது எளிது, அது உண்மையாகாது.

நேர்மையாக நடந்தால் தொழில் நடக்குமா என்று வணிக அன்பர்கள் கேட்பதுண்டு. வேதமுடையோரிலிருந்து ஒரு சான்று தருகின்றோம். அமெரிக்காவில் மாசச்சூசெட்ஸ் மாநிலத்தில் மால்டன் மில்ஸ் என்னும் துணியாலை 1995 டிசம்பர் 11ஆம் நாள் தீக்கிரையாயிற்று. உரிமையாளர் ஆரன் ஃபியூயர்ஸ்டீன் ஒரு யூதர். தம் சமய நூல்களைக் கற்றவர். காப்பீட்டுத் தொகையைப் பெற்றுக்கொண்டு ஒதுங்கியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல், ஆலையை அங்கேயே மீண்டும் கட்டினார். வேலையின்றி நின்ற தொழிலாளருக்குச் சில மாதங்கள் ஊதியமும் அளித்தார். ஆலை மீண்டும் எழுந்தது. ஆயினும், கடன்சுமை தாங்காமல் 2001இல் நொடிப்பு நிலையை அறிவித்தது. 2021இல் அவர் மறைந்தபோது உலகம் நினைவுகூர்ந்தது நொடிப்பை அன்று. அந்த மாதங்களில் அவர் கொடுத்த ஊதியத்தையே. நன்மை செய்தவருக்கு வணிகத்தில் வெற்றி உறுதி என்று நாம் சொல்லமாட்டோம். அல்லாஹ் அவ்வாறு வாக்களிக்கவுமில்லை. ஆனால், தோற்றபின்னும் தொழிலாளரின் முகத்தை நேருக்கு நேர் பார்க்கும் உரிமை அவருக்கு இருந்தது. சென்னைக்குச் செல்லவேண்டிய தேவை அவருக்கு ஏற்படவில்லை.

2025 ஆகஸ்டு 27 முதல் அமெரிக்கா இந்தியப் பொருள்கள் பலவற்றின் மீது 50 விழுக்காடு வரி விதித்தபோது, நம் ஊர்களில் பழைய அச்சம் மீண்டும் எழுந்தது. தேநீர்க் கடைகளில், "எந்த ஆலையில் பட்டியல்?" என்பதே பேச்சாயிற்று. ஆனால், மேற்சொன்ன ஆலையின் தொழிலாளர் சிலர் நம்மிடம், "பட்டியல் வந்தால் கதவில் வராது, ஹஜ்ரத், முதலாளி வந்து சொல்லுவார்" என்றனர். அச்சம் அவர்களுக்கும் இருந்தது. ஆனால், நள்ளிரவில் கதவைப் பார்க்க ஓடும் அச்சமாக இல்லை. ஊக்கம் என்று நாம் பெரிதாகப் பேசுவது இவ்வளவுதான். தீயசெய்தியும் மனித வாயிலிருந்தே வரும் என்ற நம்பிக்கை அது.

குடும்பத்தாருக்கும் ஒரு சொல் உண்டு. வேலை இழந்தவர் வீட்டிற்கு அரிசி அனுப்புகிறோம்; ஸகாத்தும் ஸதக்காவும் சென்று சேர்கின்றன; நன்று. வேலை தப்பியவர் வீட்டிலும் ஒரு துயரம் உண்டு என்பதை மறவாதீர்கள். "உனக்குத்தான் வேலை இருக்கிறதே" என்று அவர் வாயை அடைத்துவிடாதீர்கள். அவர் தம் பழைய தோழரின் வீட்டுக்குப் போக வழி செய்யுங்கள். வீட்டுப் பெண்கள் ஒரு தட்டுப் பலகாரத்தோடு முதலில் சென்றால், ஆண்களின் கால்கள் பின்தொடரும். வேலை இழந்தவரும், எஞ்சியவரைப் பார்த்து முகம் திருப்பாமல் முதலில் ஸலாம் சொன்னால், அவர் செய்யும் தருமம் பணக்காரனின் தருமத்திலும் பெரிது.

நம்மைப் போன்ற ஆலிம் பெருமக்களிடமும் ஒன்று வேண்டுகின்றோம். ஆலைகளிலிருந்து பயானுக்கு அழைப்பு வந்தால் செல்லுங்கள்; மறுக்கவேண்டா. ஆனால், செல்லுமுன் அழைத்தவரிடம், "போனவர்களின் கணக்கு முடிந்துவிட்டதா?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். வியர்வை உலருமுன் கூலி என்ற நபிமொழியை மேடையில் விளக்குவதினும், அலுவலக அறையில் நினைவூட்டுவதே இக்காலத்தில் தேவைப்படுகின்றது. இந்தக் கேள்வியைக் கேட்கத் தொடங்கியபின் நமக்கு வரும் அழைப்புகள் குறைந்துவிட்டன. மதரஸாவின் நன்கொடைப் பதிவேட்டிலும் இரண்டொரு பெயர்கள் விடுபட்டன. அதுபற்றி நமக்கு வருத்தமில்லை.

பழம் விற்கும் அவர் இப்போதும் இரண்டாம் ஸஃபில் தூணருகேதான் நிற்கின்றார். தோழர் சில நாள் அவர் பக்கத்தில் வந்து நிற்கின்றார். சில நாள் மூன்றாம் ஸஃபிலேயே நின்றுவிடுகின்றார். கடைசி ஸஃபுக்கு மட்டும் அவர் செல்வதில்லை. வல்ல அல்லாஹ், வேலை தருபவர்களுக்கு வாய்மையையும், வேலை இழந்தவர்களுக்கு விரிந்த ரிஸ்க்கையும், எஞ்சியவர்களுக்கு அச்சமற்ற உள்ளத்தையும் அருள்வானாக! ஆமீன்.